மூன்று பொட்டும் ஒரு வெடியும்

வேம்புலிக்கு ஆராய்ச்சி உத்தியோகம். அவன் மனைவி அங்கம்மா கோவில்பதாகை ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் அவன் தகடு தேய்ப்பவன்.

1973இல் ஆவடிப் பக்கத்து ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில், எஃகையும் அலுமினியத்தையும் ஒட்டவைக்கப் பெரிய படிப்புக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பற்றவைக்கிற சூட்டில் அலுமினியம் உருகி ஓடிவிடும், எஃகோ அசைந்து கொடுக்காது. ஆகவே அதிகாரி பாஸ்கரன் வெடி வைத்தார். ஏரிக்கரை மணலில் எஃகுத் தகட்டைக் கிடத்தி, நெல்மணி அளவு இடைவெளி விட்டு அதன்மேல் அலுமினியத் தகட்டை நிறுத்தி, அதன் முதுகில் மருந்தைப் பரப்பி வெடித்தால், மேல்தகடு கீழ்த்தகட்டின்மேல் போய் அறைந்து ஒட்டிக்கொள்ளும். அதற்கு இரண்டின் உள்முகமும் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும். அது வேம்புலியின் பொறுப்பு.

ஐந்து வருஷமாகத் தினக்கூலி. நிரந்தரமாக்கும் தாளில் போர்மேன் கோதண்டம் கையெழுத்துப் போட்டால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். அங்கம்மா அதன் ஜன்னலுக்குத் திரைத்துணிகூட எடுத்துவிட்டாள்.

கோதண்டம் பக்திமான். தகட்டுக்குப் பூஜை போடாமல் வெடிக்க விடமாட்டார். சந்தனத்தைக் குழைத்துக் கீழ்த்தகட்டில் மூன்று பொட்டு, ஒவ்வொன்றின்மேலும் குங்குமம். அதுவும் வேம்புலி தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய உள்முகத்தில்தான். முகத்தில் வைக்காமல் முதுகிலா பொட்டு வைப்பார்கள் என்று கேட்பார். கற்பூரம் மட்டும் கொளுத்தமாட்டார். வெடிமருந்துக்குப் பக்கத்தில் பக்திக்கும் ஓர் எல்லை இருந்தது. பாஸ்கரன் அந்நேரம் தூரத்து மண்மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

நான்கு முறை வெடித்தார்கள். ஏரிக் கொக்குகள் ஊரைக் காலி செய்துகொண்டு போயின. நான்கு முறையும் தகடுகள் ஒட்டின, மூன்று இடம் தவிர. உளியால் பிளந்து பார்த்தால் கட்டைவிரல் அகலத்தில் மூன்று வட்டம், அவற்றில் கொஞ்சம் கரி. பாஸ்கரன் மருந்தைக் கூட்டினார், குறைத்தார், காற்றின் ஈரத்தைக்கூட அளந்தார். கடைசியில் விஞ்ஞானம் ஒரு முடிவுக்கு வந்தது.

"தேய்க்கிற ஆள் சரியில்லை. அடுத்ததும் இப்படியே இருந்தா அவனை நிறுத்திடுங்க."

அதைக் கேட்ட வேம்புலி கோதண்டத்திடம் ஓடினான்.

"நைனா, பொட்ட வெளிப்பக்கமா வெச்சிக்கலாமே. உள்ள வெச்ச எடந்தான் ஒட்ட மாட்டேங்குது."

"இன்னாடா, நீ தேய்ச்ச லட்சணத்துக்கு சாமிய கொற சொல்றியா? சாமி கோச்சிக்கினு எவனுக்காவது கை போச்சின்னா நீ குடுப்பியா?"

மறுநாள் பூஜை முறைப்படி நடந்தது. கோதண்டம் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். மேல்தகட்டை இறக்க அரை நிமிஷம் இருந்தது. வேம்புலி துணியை, தகடு துடைக்கிற தின்னர் திரவத்தில் நனைத்து மூன்று பொட்டையும் அழித்தான். அங்கம்மாவின் நெற்றிக் குங்குமத்தைத் தன் கையாலேயே அழிக்கிற மாதிரி இருந்தது. அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் விளிம்பு வரை சுத்தமாகத் துடைத்தான்.

வெடித்தது. உளி வைத்தார்கள், சம்மட்டியால் அடித்தார்கள். தகடு வளைந்ததே தவிரப் பிரியவில்லை. தன் புதிய கணக்கு பலித்ததாகப் பாஸ்கரன் மேலிடத்துக்கு எழுதினார். சந்தனத்தை இன்றைக்குக் கொஞ்சம் கெட்டியாகக் குழைத்ததுதான் காரணம் என்று கோதண்டம் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். தேய்த்தவனைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் கோதண்டம் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் அந்த நிரந்தரத் தாள் இருந்தது. பக்கத்தில், மணலில் அவன் விட்டுவிட்டு வந்த துணி, சிவப்புக் கறையோடு. ஐந்து வருஷமும் குவார்ட்டர்ஸும் ஒரே நாளில் போயின என்றே வேம்புலி நினைத்தான்.

கோதண்டம் துணியை ஓரமாகத் தள்ளினார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"இனிமே நான் மூட்டைக்கு அந்தாண்ட போன அப்பால தொடைச்சிக்க," என்றார், தலையைத் தூக்காமல். "நான் ரெண்டடி வெக்கறதுக்குள்ள தின்னர் வாசன அடிக்குதுடா."