இடித்துப் பார்க்காத ஹெல்மெட்

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குத் திரும்பும் மாலை ஃபெர்ரியில், மோட்டார் சைக்கிள்களோடு நிற்கும் கூட்டத்தில், அந்தப் பெண்மணியை அடிக்கடி பார்ப்பேன். நாற்பதைத் தாண்டியவர், நல்ல உயரம். பட்டர்வொர்த்துப் பக்கம் மாக் மண்டினில் ஹெல்மெட் செய்யும் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில் வேலை. எதைச் சொன்னாலும் கடைசியில் "இதுவரைக்கும்" என்று ஒட்டவைப்பார். "மழை இல்ல, இதுவரைக்கும்." "முட்டி வலி இல்லண்ணே, இதுவரைக்கும்." எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஒருநாள் என் மகளுக்கு வாங்கிய புது ஹெல்மெட்டை அவரிடம் நீட்டினேன். அவர்கள் தொழிற்சாலையில் செய்ததுதான். மலையே விழுந்தாலும் தாங்கும் என்று கடைக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார்.

"தாங்குமாம்மா?"

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதோட சேர்த்துச் செஞ்சதுல சிலத எடுத்து இடிச்சுப் பார்த்தோம். எல்லாமே தாங்குச்சு. இத இடிச்சுப் பார்க்கலண்ணே."

"இதையும் பார்த்திருக்கலாமே?"

"பார்த்திருந்தா உங்க மக போட முடியாது லா. ஒரு இடி வாங்கினா அதோட சரி."

"அப்ப நம்பலாமா, கூடாதா?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"நம்பலாம். நானும் இதேதான் போடுறேன். ஆனா கண்டிப்பா தாங்கும்னு மட்டும் என் வாயில வராது."

ஃபெர்ரி கரை சேர்ந்தது. எல்லோரும் வண்டியை முறுக்கிக்கொண்டு பறந்தார்கள். அவர் தன் ஹெல்மெட்டை மாட்டி, வாரை இழுத்துப் பார்த்தார். பின்னால் ஹார்ன் அடித்தவர்களைச் சட்டை செய்யாமல், ஹெல்மெட்டே போடாதவர் போல அத்தனை மெதுவாக ஓட்டிப் போனார்.

வீட்டில் மகளிடம் ஹெல்மெட்டைக் கொடுத்தபோது, அவர் ஓட்டிப்போன அந்த வேகத்தைப் பற்றித்தான் சொன்னேன்.