தீராத வாட்டர் பாட்டில்

ஆவடிப் பக்கம் குடிவந்ததும், மூத்தவளை ஆறாம் வகுப்பில் சேர்க்க ஓர் அரசுப் பெண்கள் பள்ளியைப் பார்க்கப் போனேன். கழிப்பறையில்கூட ஃபினாயில் வாசனை. அதில் மயங்கிச் சேர்த்துவிட்டேன்.

தினமும் அவள் வாட்டர் பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வந்தது. ஏன்டி குடிக்கவில்லை என்று திட்டினேன். “குடிச்சா ஒண்ணுக்கு வருமேம்மா. பாத்ரூமைப் பூட்டியே வெச்சிருக்காங்க” என்று அழுதாள்.

மறுநாளே தலைமையாசிரியையிடம் போய்க் கேட்டேன்.

“நீங்க வந்த அன்னிக்கு இன்ஸ்பெக்‌ஷன், அதான் தொறந்திருந்தோம். தினம் தொறந்தா யாரும்மா கழுவுறது?” என்று கூசாமல் சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். டி.சி. வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

இப்போது சின்னவளுக்குப் பள்ளி தேடுகிறேன். யார் சுற்றிக் காட்டினாலும் நம்புவதில்லை. சாயந்திரம் மணி அடித்ததும் வாசலில் நின்று, வெளியே வரும் பெண்களின் வாட்டர் பாட்டில் காலியா என்றுதான் பார்க்கிறேன்.

– வெள்ளானூர் வாசகி