அடுத்தவன் தடத்தில் கால் வைக்காதவன்

என் கணவன் ரோமெட் பொறாமைக்காரன். எங்கள் பள்ளத்தாக்கில் இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் என்னை வைத்து அவன் ஒரு நாளும் பொறாமைப்பட்டதில்லை. இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம், வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்.

நான் மலைக்குடில் நடத்துகிறவள். பெயர்தான் குடில், உண்மையில் கல்லால் கட்டிய பெரிய வீடு. குளிர்காலம் முடியப்போகும்போது பனிச்சறுக்குக்காரர்கள் கணவாய்களைத் தாண்டி, ராத்திரிக்கு ஒரு குடில் என்று ஒரு வாரம் சுற்றுவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் வழிகாட்டி ரோமெட். வந்து சேர்ந்தவர்களுக்குச் சூப் ஊற்றுகிறவள் நான். என் குடிலில் ஆண்களுக்குப் பஞ்சமே இல்லை. பீர் கொண்டுவருகிறவன், பனியின் ஆழத்தை அளக்க வருகிற இன்ஜினீயர், ஒருமுறை ஒரு பாதிரியார்கூட என் அடுப்படியில் உட்கார்ந்து தேவைக்கு மேல் சிரித்துப் பேசியிருக்கிறார்கள். ரோமெட் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் காலுறையைக் காயவைத்துக்கொண்டிருப்பான். அவர்கள் எழுந்து போனதும் "நல்ல மனுஷன்" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவன் பொறாமை எல்லாம் வேறு இடத்தில். அவன் அப்பா செங்குத்தான புல்வெளியில் அரிவாள் வீசியவர். அண்ணன் அறுத்த வரிசை தன் வரிசையைவிட நேராக இருந்தால் ரோமெட் அன்று சாப்பிட மாட்டானாம், மாமியார் சொல்லியிருக்கிறாள். வானொலியில் வானிலை சொல்கிறவர் சரியாகச் சொல்லிவிட்டால் இன்றைக்கும் அவன் முகம் சுருங்கிவிடும். பனியைப் பற்றி அவனைவிட இன்னொருத்தனுக்கு அதிகம் தெரிந்துவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே அவன் விருந்தாளிகள். ஒரு முறை அவனோடு மலையேறியவர்கள் அடுத்த வருடமும் அவனோடுதான் வர வேண்டும்.

அந்த விருந்தாளிகளில் முதல் இடம் டாக்டர் ஹெட்விக்குக்கு. மியூனிக்கில் பல் வைத்தியம் பார்க்கிறவள். நாங்கள் கல்யாணம் பண்ணின காலத்திலிருந்தே ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவனோடு வருவாள். அவள் சரிவில் இறங்கினால் குடில் முற்றத்தில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன், கையில் உருளைக்கிழங்கோடு. அவர்களுக்குள் தப்பாக ஒன்றும் கிடையாது, அது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்தால் "ஹெட்விக் இன்னிக்கு அந்தத் திருப்பத்தை எடுத்தா பாரு" என்று ஆரம்பிப்பான். என் திருப்பத்தை யார் பார்த்தார்கள்? ஈஸ்டர் வாரம் முழுக்க நான் அடுப்படியில் அல்லவா இருக்கிறேன்.

அந்த வருடம் முன்பதிவுக்காகக் கீழ்க்குடிலிலிருந்து தொலைபேசி வந்தது. கஸியான் குழு, ஐந்து பேர், அதில் டாக்டர் ஹெட்விக். கஸியான் எங்கள் ஊர்ப் பையன், வழிகாட்டித் தேர்வு முடித்து அதிக நாள் ஆகவில்லை. இதை ரோமெட்டிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னேன். அவன் ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினான். பிறகு, கஸியான் தன் ஆளைத் திருடிவிட்டான் என்று எழுந்து போய் விறகு பிளந்தான். விறகு ஏற்கெனவே பிளந்துதான் இருந்தது.

ஈஸ்டருக்கு அவனுக்கும் விருந்தாளிகள் கிடைத்தார்கள், ஒரு டச்சுத் தம்பதி. அதே வாரம், அதே வழி, அதே குடில்கள். வேண்டுமென்றே செய்தானா என்று கேட்காதீர்கள்.

குடில்காரர்கள் நாங்கள் தினமும் காலையில் தொலைபேசியில் பேசிக்கொள்வோம், யார் கிளம்பினார்கள், எத்தனை பேருக்குச் சூப் வைக்க வேண்டும் என்று. மற்ற வம்பும் அதிலேயே வந்துவிடும். இரண்டாம் குடில் அலோயிஸ் முதலில் கேட்டது சூப்பைப் பற்றி அல்ல.

"மேனா, உன் வீட்டுக்காரனுக்கு என்ன ஆச்சு? சரிவுல ரெண்டு தடம் கிடக்குது. பக்கத்துப் பக்கத்துல."

இங்கே மலை ஏறுவதும் சறுக்குக் கட்டையைக் காலில் மாட்டிக்கொண்டுதான். புதுப் பனி விழுந்தால் முதலில் ஏறுகிறவன் தன் கட்டையால் தடம் போட வேண்டும். முழங்கால் ஆழப் பனியில் அது முதுகை ஒடிக்கிற வேலை. பின்னால் வருகிறவர்கள் அந்தத் தடத்திலேயே சுகமாக ஏறுவார்கள், சாயங்காலம் குடிலில் தடம் போட்டவனுக்கு ஒரு கிளாஸ் சாராயம் வாங்கித் தருவார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை. போட்ட தடம் கண்முன்னே கிடக்கும்போது பக்கத்தில் இன்னொன்று போடுகிறவனைப் பார்த்தால் ஊரே சிரிக்கும். கஸியானுக்கு ஒரு கிளாஸ் கடன்பட விருப்பமில்லாமல் ரோமெட் அந்த டச்சுக்காரர்களை நாக்குத் தள்ள வைத்து ஏற்றியிருக்கிறான். மூன்றாம் குடிலிலிருந்தும் அதே செய்தி வந்தது. கஸியான் போட்டது சாய்வு குறைந்து, வளைந்து வளைந்து போகிற தடம். ரோமெட் போட்டது செங்குத்து.

நாலாம் நாள் சாயங்காலம் இரண்டு குழுவும் என் குடிலுக்கு வந்தன. ஹெட்விக் என்னைக் கட்டிக்கொண்டாள். ரோமெட்டுக்குக் கை கொடுத்தாள். அவன் அந்தக் கையை வாங்கி உடனே திருப்பிக் கொடுத்துவிட்டான். வழிகாட்டிகள் என் அடுப்படி மேஜையில்தான் சாப்பிடுவார்கள், அதனால் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார வேண்டியதாயிற்று. கஸியான் கள்ளமில்லாத பையன்.

"உனக்கும் சேத்துத்தான் தடம் போட்டேன். ஏன் அதுல வரல?" என்றான்.

"அதா தடம்? மாடு மேயப் போற வழி" என்றான் ரோமெட்.

கஸியான் சிரித்துவிட்டு இன்னொரு ரொட்டி உருண்டை எடுத்துக்கொண்டான். அந்த நேரத்தில் ஹெட்விக் வெந்நீர் கேட்க மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினாள். ரோமெட் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பனியில் முயல் போன தடத்தைப் பார்த்தே அது பயந்து ஓடியதா பசியில் ஓடியதா என்று சொல்கிறவன் அவன். அவன் பார்க்க வேண்டியதை நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் என் குடிலுக்கு மேலே இருக்கிற சிகரத்துக்கு ஏறி, மத்தியானத்துக்குள் திரும்புவதாகத் திட்டம். ராத்திரி நல்ல பனி பெய்திருந்தது. வெளிச்சம் சரியாக வருவதற்குள் ரோமெட் டச்சுக்காரர்களை எழுப்பிக் கிளப்பிவிட்டான். அவன் கணக்கு எனக்குப் புரிந்தது. சிகரத்தின் மேல்பாதி குறுகல், இரண்டு பக்கமும் பாறை, ஒரே தடத்துக்குத்தான் இடம். இன்றைக்கு அவன் முன்னால் போனால் கஸியான் அவன் தடத்தில் கால் வைத்தே ஆக வேண்டும், ஹெட்விக்கும்தான். ஆபத்தான சரிவு இல்லை. ஆனால் அவன் அன்று போட்டது தடம் இல்லை, ஏணி.

தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். கீழ்ப்பாதியில் கஸியான் வழக்கம்போல் வளைந்து வளைந்து போனான். குறுகல் வந்ததும் வேறு வழியில்லாமல் ரோமெட்டின் தடத்தில் ஏறினான். அதில் திரும்புகிற இடங்கள் கொடுமையானவை. ஒரு காலைக் கட்டையோடு தூக்கி எதிர்ப்பக்கம் பார்த்து வைத்து, அடுத்த காலை அதன் பின்னால் கொண்டுவர வேண்டும். முழங்கால் சொன்னபடி கேட்டால்தான் நடக்கும். ஹெட்விக் ஒரு காலை வைத்தாள். அடுத்த கால் வரவில்லை. மறுபடி முயன்றாள். பிறகு அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

ரோமெட் அதற்குள் சிகரத்தில் டச்சுக்காரர்களோடு கை குலுக்கிக்கொண்டிருந்தான். இறங்கி வந்தவனைக் கஸியான் நிறுத்தி ஏதோ பேசினான். பேசி முடித்ததும் கஸியான் மற்றவர்களோடு மேலே போனான். ஹெட்விக் ரோமெட்டின் குழுவோடு கீழே வந்தாள். ஆக, அவனுக்கு அவன் ஆள் திரும்பக் கிடைத்துவிட்டாள்.

அவள் விழுந்தாள். எழுந்து கொஞ்ச தூரம் கட்டையை ஓட்டினாள், மறுபடி விழுந்தாள். டச்சுக்காரர்கள்கூட அவளைவிட நன்றாக இறங்கினார்கள். ரோமெட் அவளுக்குப் பின்னால் வந்தான். அவள் விழும்போதெல்லாம் நின்றான், கை கொடுத்தான், காத்திருந்தான். இத்தனை வருடம் அவள்மேல் நான் பட்ட வயிற்றெரிச்சல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தொலைநோக்கியைக் கீழே வைத்துவிட்டேன்.

அடுப்படிக்குக் கூட்டிவந்து, துணியில் பனியைச் சுற்றி அவள் முழங்காலில் வைத்தேன். பந்து மாதிரி வீங்கியிருந்தது. ரோமெட் கதவருகே நின்றான். ஊரில் அவள் டாக்டரம்மா, மலையில் எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவோம்.

"முன்னாடியே சொல்லியிருந்தா நான் மெதுவா போயிருப்பேன்ல" என்றான்.

"போயிருப்ப. ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு என்னைத் திரும்பிப் பாத்திருப்ப. இப்ப இறங்கும்போது பாத்தியே, அப்படி" என்றாள் ஹெட்விக்.

அவன் குனிந்து தன் பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினான்.

"கஸியானுக்கு நான் முட்டி வலிக்கிற ஒரு பல் டாக்டர், அவ்வளவுதான். என் முட்டியைப் பாத்து, அதுக்கேத்த மாதிரி தடம் போட்டான். நான் நல்லா ஓட்டினதை நீதான் பாத்திருக்க. அது உன்கிட்டயே இருக்கட்டும், ரோமெட். இப்ப இருக்கறதை அவன் பாத்துட்டுப் போறான்."

சொல்லிவிட்டு, படுக்க வேண்டும் என்றாள். நான் தாங்கிக்கொண்டு மாடி ஏற்றிவிட்டு வந்தேன். ரோமெட் மேஜையில் உட்கார்ந்திருந்தான். அவள் சொன்னது அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு மனுஷிக்கு நல்ல காலம் என்று ஒன்று இருந்தால், அதை முழுசாக இவனிடம் கொடுத்துவிட்டாள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

"நல்லா ஓட்டினதை எனக்குக் குடுத்துட்டா, மேனா. விழறதை அவனுக்குக் குடுத்துட்டா" என்றான். "இதுல எது பெருசு?" என்று கேட்டான்.

"விழறதுதான்" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன். பிப்ரவரியில், அவன் சுற்றுக்குப் போயிருந்தபோது, நான் நிலவறைப் படியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியது. ஒரு வாரம் பானை தூக்க முடியவில்லை. குடிலில் அப்போது இருந்த எல்லோருக்கும் தெரியும். அவன் வருவதற்குள் கையில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவில்லை.

பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"யாரு கட்டுப் போட்டா?" என்றான் ரோமெட்.

கஸியானைப் பற்றிப் பேசும்போது வருகிற குரல் அது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக அது என்னிடம் வந்தது. பார்லி சூப்பை நிதானமாகக் கிளறினேன்.

"மேனா, உன்னைத்தான் கேக்கறேன். யாரு?"

கொஞ்ச நேரம் தவிக்கட்டும் என்று சூப்பை ஊற்றி அவன் முன்னால் வைத்தேன்.