ஏலகிரியிலிருந்து பஸ்ஸில் இறங்கினோம்

என் கணவர் டாக்சி ஓட்டியவர். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்களைச் சென்னை விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும்தான் அவர் வேலை. கார் சொந்தக் கார். யார் யாரையோ எந்தெந்த மலைக்கோ ஏற்றிப் போயிருக்கிறார். என்னை எங்கள் ஊர்ப் பெரிய கோயிலுக்கும் சொந்தக்காரர் கல்யாணங்களுக்கும் தவிர வேறெங்கும் அழைத்துப் போனதில்லை. நானும் கேட்டதில்லை.

மே மாதம் வெயிலுக்குப் பயந்து வெளிநாட்டுக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். அவருக்குச் சவாரி கம்மி. நான் வேங்கிக்காலில் ஒரு பள்ளியில் டீச்சர், எனக்கும் லீவு. அப்படி ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "நாளைக்கு ஏலகிரி போயிட்டு வந்துடலாம்" என்றார்.

"இன்னாங்க திடீர்னு?"

"சும்மாதான். கட்டிக்கினு வந்ததுலருந்து உன்ன எங்க கூட்டினு போனேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இரவே புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன்.

காலையில் அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, செங்கம், திருப்பத்தூர் வழியாகப் போனோம். திருப்பத்தூர் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் அவர் பேச்சு நின்றது. பாட்டை நிறுத்தச் சொன்னார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை இறுகியிருந்தது. ஒரு வளைவில் என் பக்கம், இடதுபுறத்து சைடு கண்ணாடி தடுப்புச் சுவரில் உரசி மடங்கிக்கொண்டது. "ரோடு இங்க அகலம் கம்மி" என்றார். எதிரே ஒரு பஸ்ஸே இறங்கிப் போகும் அளவுக்கு இடம் இருந்ததை நான் பார்த்தேன்.

மேலே ஊருக்குள் நுழைகிற இடத்தில், இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஓட்டியவர் பின்னால் ஒரு பெண், நடுவில் ஒரு குழந்தை. தூரத்திலிருந்தே அவர்கள் வருவது எனக்குத் தெரிந்தது. இவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. "ஏங்க!" என்று நான் கத்திய பிறகுதான் பிரேக் போட்டார். ஸ்கூட்டர் ஆடி, கால் ஊன்றி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆள் திட்டிக்கொண்டே போனார்.

"எங்கேருந்துடா வந்தான் இவன்?" என்று இவர் முணுமுணுத்தார். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

ஒரு ரிசார்ட்டில் போய் நிறுத்தினோம். அங்கே பகலுக்கு மட்டும் வருபவர்களுக்கும் சாப்பாடு உண்டு. காற்று குளிர்ச்சியாக இருந்தது. பலா மரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். தண்ணீர் டம்ளர் அவருக்கு இடப்பக்கம் இருந்தது. இலையை நகர்த்தும்போது தட்டிவிட்டார். வீட்டிலும் சில மாதங்களாக இப்படித்தான். கவனமில்லாமல் செய்கிறார் என்று நினைத்துச் சலித்துக்கொண்டிருக்கிறேன். அன்று எனக்குச் சலிப்பு வரவில்லை. டம்ளரை நிமிர்த்தி அவருக்கு வலப்பக்கம் வைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும், பள்ளத்தாக்கைப் பார்க்கக் கட்டியிருந்த மேடைக்குப் போனோம். கீழே ரயில் பாதை கோடு போல் தெரிந்தது. அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கை கழுவிவிட்டு வந்து அவருக்கு இடது பக்கம் நின்றேன். கையை நீட்டினால் தொடும் தூரம்தான். பேசவில்லை. அவர் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வலப்பக்கம் பார்த்தார், பின்னால் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

என் கைப்பையில் போன் அடித்தது.

அவர் துள்ளித் திரும்பினார். என்னைப் பார்த்ததும் போனை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். அது அடித்துக்கொண்டே இருந்தது.

"எத்தினி நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"இன்னாது?"

"பக்கத்துல நிக்கிறேன். என்னத் தெரியல உங்களுக்கு."

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். பொங்கலுக்கு முன்னாலேயே டாக்டரிடம் காட்டியிருக்கிறார். கண்ணுக்குள் பிரஷர் ஜாஸ்தியாகி, இடது கண் நரம்பு கெட்டுப்போய்விட்டதாம். போன பார்வை திரும்பி வராதாம். சொட்டு மருந்து விட்டால் வலது கண்ணைக் காப்பாற்றலாமாம்.

"மருந்து எங்க?"

"வண்டில. டேஷ்போர்டுக்குள்ள."

"சவாரி ஓட்டக் கூடாதுன்னாரா?"

"சொன்னாரு."

"போன மாசம்கூட ஏர்போர்ட் போனீங்களே. கைக்கொழந்தையோட ஒரு அம்மா வந்தாங்களே. அவங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா?"

"நேரா பாக்கும்போது நல்லாத்தான் தெரியுது."

"இன்னிக்கி அந்த ஸ்கூட்டர் தெரிஞ்சிதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வண்டி ஓட்டறது இன்னும் கொஞ்ச நாள்தான்னு எனக்கே தெரியும். அதுக்குள்ள ஒரு வாட்டியாவது நானே ஓட்டி உன்ன எங்கியாவது கூட்டினு போவணும்னு இருந்துச்சு" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. "சாவியக் குடுங்க" என்றேன்.

"இறங்கறது ஈஸிதான். நீ பக்கத்துல இருந்து சொல்லினே வா. மெதுவாப் போயிடலாம்."

"குடுங்க."

சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் குரலை உயர்த்தவில்லை. சாவியை என் கையில் வைத்துவிட்டு, பார்வையைப் பள்ளத்தாக்கின் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதை அங்கேயே விட்டுப்போகலாமா என்று ரிசார்ட் ஆட்களிடம் கேட்டேன். வண்டியில் கோளாறு, தம்பி வந்து எடுத்துக்கொள்வான் என்றேன். அவருடைய கண் விஷயத்தை அந்நியரிடம் சொல்ல வாய் வரவில்லை. மருந்துப் புட்டியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் பிரேக் மிதிப்பது போலத் தரையில் அழுந்தியது. திருப்பத்தூரில் பஸ் மாறும்போது கூட்டத்தில் ஒரு பெண் மேல் மோதிவிட்டார். அவள் கண்டபடி பேசினாள். நான் அவர் முழங்கையைப் பிடித்தேன், உதறிவிட்டார். வீடு வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை.

என் தம்பி போய்க் காரை எடுத்து வந்தான். அந்த மழைக்காலத்திலேயே விற்றுவிட்டோம். இப்போது ஒரு தங்கும் விடுதியில் மற்ற டிரைவர்களுக்குச் சவாரி பிரித்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறார். எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது. மருந்து விட மட்டும் முகத்தை நிமிர்த்திக் காட்டுகிறார்.

சில மாதங்களுக்கு ஒருமுறை கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பார்வை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று சோதிப்பார்கள். இருட்டறையில் ஒரு இயந்திரத்துக்குள் பார்த்தபடி, வெளிச்சப்புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அவர் அழுத்த வேண்டும். நான் வெளியே திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அழுத்தும் சத்தம் கேட்கும். சில சமயம் நீண்டநேரம் கேட்காது. புள்ளி வரவில்லையா, வந்தும் அவருக்குத் தெரியவில்லையா என்று எனக்குத் தெரியாது. அடுத்த சத்தம் வரும்வரை முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.