நேற்றுத் தேதியிட்ட படம்

“உங்கள் படங்களும் வீடியோக்களும் புதிய கணக்குக்கு முழுமையாக மாற்றப்பட்டன” என்று மின்னஞ்சல் வந்ததும் பழைய இணையச் சேமிப்புக் கணக்கை அழித்துவிட்டேன். ஜவ்வாது மலையில் எடுத்த படங்களைப் புதிய கணக்கிலிருந்து அங்குள்ளவர்களுக்கு அனுப்பினேன்.

மறுநாள் மலையிலிருந்து லட்சுமி ஒடுகத்தூரிலுள்ள என் வீட்டுக்கு ஓடிவந்தார். அவர் கணவர் முருகேசன் காணாமல் போனதே அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

“அண்ணா, நேத்து தேதி போட்டிருக்குது. அவர எங்க பாத்தீங்க?”

அவர் நீட்டிய கைப்பேசியில் முருகேசன் புளியமரத்தடியில் நின்றார். எல்லாப் படங்களிலும் கணக்கு மாற்றிய நாளே விழுந்திருந்தது.

“பழைய படம்மா. கணக்கு மாத்தும்போது தேதி மாறிடுச்சு.”

“அப்ப எடுத்தது எப்போங்க? அவர் ஆடியிலதான் வூட்ட வுட்டுப் போனாரு. அதுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

மலைக்குப் பலமுறை போயிருக்கிறேன்; எந்தப் பயணம் என்று நினைவில்லை. எதையும் தேதி போட்டே குறித்துவைப்பவன், படங்களுக்கு மட்டும் பழைய கணக்கிலிருந்த தேதியை நம்பியிருந்தேன்; அதையும் அழித்தாயிற்று.

“தேதி போடாம தண்ணி கூட குடிக்க மாட்டீங்களேண்ணா!” என்று அழுதார்.

அந்தப் படம் ஆடிக்கு முன்பு எடுத்ததா, பின்பா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.