இரண்டாவது பானை

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. டீயை ஆற விட்டுக் குடித்ததில்லை. நாக்கு பொத்துப்போனாலும் சரி. கொட்டகையில் புதுப்படம் வந்தால் முதல் ஆட்டத்துக்கே போயாக வேண்டும். புதுக்கோட்டைக்கும் மணமேல்குடிக்கும் ஓடிய பஸ்ஸில் அப்போது நான் கண்டக்டர். மணமேல்குடியில் மீன் வாங்கிய நாளில், "அடுப்பைப் பத்த வை புள்ள" என்று தெருவிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருவேன். ஐம்பதுகளின் நடுவில் டவுனில் டீக்கடையும் ரேடியோவும் சினிமாவும் பெருகிக்கொண்டிருந்தன. எல்லாம் எனக்காகவே வந்ததாக நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி வேறு மாதிரி. இரண்டு பேரும் வேதக்காரர்கள்தான். ஆனால் என் பக்தி ஞாயிறு காலையோடு முடிந்துவிடும். அவள் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நாற்பது நாளும் ஒருசந்தி பிடிப்பாள்: மதியம் ஒரு வேளைச் சோறு, ராத்திரிக்கு வெறும் கஞ்சித் தண்ணீர். விட்ட ராச்சோற்றுக்கான அரிசியை அன்றன்றைக்கே ஒரு பானையில் போட்டு வைத்து, குருத்தோலை ஞாயிறன்று ஏழைகளுக்கென்று கோயிலில் சேர்ப்பாள். உடம்பு நோக வேலை செய்கிறவனுக்கு ஒருசந்தியில் விலக்கு உண்டென்று சாமியார் சொன்னதை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கல்யாணமான மூன்றாம் வருடத் தவக்காலத்தைத்தான் சொல்ல வந்தேன். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு திரும்பியவள், "இந்த நாப்பது நாளும் எனக்குன்னு ஒங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டேங்க. நேந்துக்கிட்டேன்" என்றாள்.

"அப்ப எனக்கு லாபந்தான்" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் பஸ்ஸில் இருப்பேன். பொழுது சாய்ந்து வீடு வந்தால் எனக்குப் பரிமாறிவிட்டு, எதிரே கஞ்சித் தண்ணீரோடு உட்காருவாள். முதல் வாரம் டம்ளர் காலியானது. இரண்டாம் வாரம் பாதி மிஞ்சியது. மூன்றாம் வாரம் அந்தக் கஞ்சியையும் துணியில் வடிகட்டினாள். ஒவ்வொரு மடக்குக்கும் கண்ணை மூடித் தொண்டையில் கை வைத்துக்கொள்வாள். செபம் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமையில் ஒருசந்தி கிடையாது. எனக்கு லீவு கிடைத்த ஒரு ஞாயிறன்றும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இன்னக்கி என்னவாம்?"

"பழகிருச்சுங்க. நீங்க சாப்பிடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. நான் வறுத்த மீனைத் தின்பதைக் குத்திக்காட்டத்தான் இப்படிச் செய்கிறாள் என்று பட்டது. "ஒரு வீட்டுக்கு ஒரு தபசி போதும். நானும் பட்டினி கெடக்கணுமா?" என்றேன். அவள் தட்டிலிருந்த மீனையும் நானே எடுத்துத் தின்றேன்.

அவள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. வளையல் முழங்கை வரை ஏறியது. கோயிலில் பெண்கள், "ஒங்க வீட்ல மாதிரி ஒருசந்தி புடிக்க யாரால முடியும்?" என்றார்கள். வெட்கங்கெட்டவன், அதைக் கேட்டுப் பெருமையும் பட்டேன். பஸ் டிரைவரிடம் போய்ப் பீற்றிக்கொண்டேன்.

குருத்தோலை ஞாயிறு காலையில் அரிசிப் பானையைத் தூக்க அடுக்களை மூலைக்குப் போனேன். பின்னால் இன்னொரு பானை இருந்தது. அதிலும் வாய் வரை அரிசி. போன இரண்டு வருடமும் ஒரு பானைதான். விட்ட ராச்சோற்றுக்கு ஒரு பானை என்றால், இது எந்த வேளைக்கு?

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மத்தியானமும் சாப்பிடலையா நீ?"

இல்லையென்று தலையாட்டினாள்.

"இப்பவே சாப்பிடு" என்று கத்தினேன். சோற்றைக் குழையப் பிசைந்து, பால் விட்டு, நானே ஒரு வாய் ஊட்டினேன். உள்ளே போகவில்லை. முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி, அப்படியே வெளியே வந்தது.

"ஒருசந்தி ஆரம்பிச்ச மறுவாரமே சோறு எறங்கலங்க" என்றாள். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டா நேந்தது போயிரும். நாப்பது நாள்தானேன்னு இருந்துட்டேன்."

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். தொண்டைக்குக் கீழே கட்டி. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்று டாக்டர் தணிந்த குரலில் சொன்னார். வல்லத்திராக்கோட்டைப் பக்கத்திலிருந்து அவள் அப்பா வந்தார். மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் தோளைப் பிடித்தார்.

"அவ கேக்கக் கூடாதுன்னு நேந்துக்கிட்டா மாப்ள. நீங்க ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

ஆடி பிறக்கும் முன் அவள் போய்விட்டாள்.

அதற்கு முன் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரிய வியாழனோடு ஓய்ந்திருந்த கோயில் மணி, உயிர்த்த ஞாயிறு விடியலில் ஆஸ்பத்திரி வரை கேட்டது. அவள் கண் திறந்தாள்.

"நாப்பது நாள் முடிஞ்சிருச்சுல்ல? இப்பக் கேக்கலாம்ல?"

"கேளு புள்ள."

"ஒரு டீ வாங்கியாரீங்களா? நீங்க குடிக்கிற மாதிரி, சூடா."

ஓடினேன். கை சுடச்சுட டம்ளரைக் கொண்டுவந்தேன். ஒரு மடக்கை வாயில் வாங்கி, வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு நான் நீட்டிய கிண்ணத்தில் துப்பினாள்.

"நல்லாருக்கு" என்றாள். "மிச்சத்த நீங்க குடிச்சிருங்க. ஆறிரும்."

நான் குடிக்கவில்லை. டம்ளர் சில்லிட்டுப்போகும் வரை கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.