கிணற்றில் வைத்த கால்

அறுபதுகளில் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், அதற்குமுன் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லையாக இருந்த இடத்தில், ஒருவர் வீடு கட்டி அதை ஆறாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார். அதில் ஒரு தடுப்பில் நானும் என் வீட்டுக்காரரும் இருந்தோம். அவருக்குத் தாலுகா ஆபீசில் வேலை. ஆறு குடும்பத்துக்கும் ஒரே கிணறு. ஆபீசும் கடையும் பஸ்ஸும் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போயின. ஊர் பெரிசாகிறது என்று எல்லோருக்கும் ஒரே பெருமை. வந்து குவிகிற ஜனம் எதைக் குடிக்கும் என்று எந்தப் புத்திசாலியும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல மழை ஏமாற்றியது. எங்கள் கிணற்றில் வாளியை விட்டால் சேறுதான் வந்தது. மலைக்குப் போகிற வழியில் பழைய படிக்கிணறு ஒன்று இருந்தது. கால் நனைய இறங்கி நின்றால்தான் அதில் குடத்தை முக்க முடியும். ஊர் மொத்தமும் அங்கே வந்து விழுந்தது. நான் தண்ணீர் மொண்டுகொண்டிருப்பேன், இரண்டு முழம் தள்ளி ஒருவன் வாய் கொப்பளித்துத் துப்புவான். சந்தையில் சாணியையும் சகதியையும் மிதித்துவிட்டு வந்தவன் சாவகாசமாக உட்கார்ந்து விரலிடுக்கைத் தேய்ப்பான். ஒருத்தி பிள்ளைக்கு அடி கழுவிய கையோடு அதே படியில் குடத்தை முக்குவாள்.

எனக்கு வாய் நீளம். யாராக இருந்தாலும் பிடி பிடியென்று பிடித்துவிடுவேன். "ஏன்யா, உன் ஊட்டுப் பானையில இப்படித்தான் கால வெச்சிக் கழுவுவியா?" என்று கேட்டு ஒரு பெரிய மனிதரையே எழுந்து ஓட வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டித்தான் வீட்டுக்காரருக்குக் குடிக்கக் கொடுப்பேன். ஆனால் குடத்தை இடுப்பில் தூக்கி வைப்பதற்கு முன்னால், வெயிலுக்கு இதமாக இரண்டு கை அள்ளி அங்கேயே குடித்துவிடுவேன். என் கையில் இருந்த தண்ணீர் எனக்கு அழுக்காகத் தெரியவில்லை.

அடுத்த கோடையில் என் கணுக்காலுக்கு மேல் ஒரு கொப்புளம் கிளம்பியது. நெருப்புக் கங்கை வைத்து அழுத்தியதுபோல எரிந்தது. இரண்டாம் நாள் அது உடைந்து, வெள்ளை நூல்போல ஒன்று நுனி நீட்டியது. நரம்புச் சிலந்தி. நூல் என்றால் நூல் இல்லை, உயிருள்ள புழு. முழ நீளத்துக்கு மேல் என் சதைக்குள் படுத்திருந்தது. அதை இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் கால் சீழ் பிடித்து வீங்கும். துடைப்பக் குச்சியில் நுனியைச் சுற்றி, தினமும் ஒரு விரல்கடை அளவு சுற்றிச் சுற்றி வெளியே எடுக்க வேண்டும். சோற்றில் கை வைத்தால் அந்த ஞாபகம் வரும், தட்டைத் தள்ளிவிடுவேன்.

அழுக்குப் பிடித்தவர்களுக்குத்தான் சிலந்தி வரும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். ஆகவே சுளுக்கு என்று சொல்லிவிட்டேன். காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, புடவையை இன்னும் தழையக் கட்டிக்கொண்டேன். பக்கத்துத் தடுப்பிலிருந்த அக்காவுக்குக் கல்யாண வயதில் ஒரு பெண். சீயமங்கலத்துப் பக்கம் பேசி முடித்திருந்தார்கள். அவள் வந்து, "நீ நடக்காத சின்னம்மா, உனக்கும் சேத்து நானே கொண்டாந்து ஊத்தறேன்," என்றாள். காலையும் மாலையும் தன் வீட்டுத் தண்ணீரோடு எனக்கும் இரண்டு குடம் சுமந்து வந்தாள்.

பகல் உச்சியில் எரிச்சல் உயிர் போகும். அந்த நேரத்தில் படிக்கிணற்றில் யாரும் இருக்க மாட்டார்கள். நான் வழியிலிருந்த சுவரையும் வேலியையும் பிடித்துப் பிடித்துப் போய், துணியை அவிழ்த்துவிட்டு, தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தச் சுகத்தைச் சொல்ல முடியாது. புண் வாயிலிருந்து பால்போல ஏதோ கசிந்து தண்ணீரில் பரவியது. அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பத்து நாள் அப்படிப் போனேன்.

மறு வருஷம் அந்தப் பெண்ணுக்கு முழங்கால் மடிப்பில் சிலந்தி கிளம்பியது. குச்சியில் சுற்றும்போது பாதியில் அறுந்துவிட்டது. முழங்கால் வீங்கி, மடங்கினது மடங்கினபடியே நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தார்கள், வாசலோடு திரும்பிப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். எங்களையெல்லாம் எங்கள் வாசலிலேயே கூட்டி உட்கார வைத்து விளக்கினார். சிலந்தி வந்தவர்கள் எரிச்சலுக்குக் காலைத் தண்ணீரில் வைத்தால் புழு அதில் குஞ்சு விட்டுவிடுமாம். வடிகட்டாமல் அதைக் குடித்தவர்களுக்கு ஒரு வருஷம் கழித்துக் கிளம்புமாம். படிகளை மூடிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும் என்றார். அப்படியானால் எங்கே கால் கழுவுவது என்று அங்கேயே ஒருவர் எழுந்து சண்டைக்குப் போனார். எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. ஒரு வருஷத்தைப் பின்னால் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் கோடையில் வேறு கால்களும் அங்கே இறங்கியிருக்கலாம். ஆனால் நான் பார்த்தது என் காலை.

இன்ஸ்பெக்டர் போனதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "எந்த நாசமாப் போறவ கால வெச்சாளோ, எம் பொண்ணு வாய்க்கையே பூடுச்சி. நீ சொல்லும்மா, அவ வெளங்குவாளா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திட்டுவதில் என்னை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. "வெளங்க மாட்டாக்கா," என்று ஆரம்பித்தேன். அவள் கால் அழுகிப் போகும், குலம் தழைக்காது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். சுற்றி இருந்தவர்களுக்கு மனசு ஆறியது. என் குரலைக் கேட்க எனக்கே அருவருப்பாக இருந்தது. அப்படியும் நிறுத்தவில்லை.

உள்ளே படுத்திருந்த அந்தப் பெண்தான் நிறுத்தினாள். "வுடு சின்னம்மா," என்றாள். "எவளோ, பாவம், எரிச்சல் தாங்காம வெச்சிருப்பா."

அவள் கால் கடைசிவரை நிமிரவில்லை. நான் சொல்லவும் இல்லை.